போரிங் முடிந்தது, புகை நிற்கவில்லை

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைக்குள் நுழையும்போது மாநிலம் மாறுவது கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரியும். எழுத்து மாறுகிறது. நின்றிருக்கும் கார்களில் மார்த்தாண்டத்தின் டிஎன் 75 குறைந்து பாறசாலையின் கேஎல் 19 கூடுகிறது. இன்னும் கொஞ்ச தூரம் போய் உதியன்குளங்கரை, அமரவிளை தாண்டினால் நெய்யாற்றின்கரையின் கேஎல் 20. பேச்சு மட்டும் எல்லா இடத்திலும் கலந்தே கிடக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோடு பெரிய விஷயமல்ல. பாறசாலைக் காரின் எஞ்சினை மார்த்தாண்டத்தில் இறக்கி, நாகர்கோவிலில் போரிங் செய்து, திருவனந்தபுரத்திலிருந்து பிஸ்டன் செட் வாங்கிப் போட்டார்கள் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சிக்கல் தொடங்குவது, பணி முடிந்த வண்டியின் பின்னால் நீலப் புகை வரும்போதுதான். தமிழில் புகை, மலையாளத்தில் புக. அதைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆனால் அதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் மெக்கானிக் லேத்காரரைக் காட்டுவார், லேத்காரர் ரிங் செட்டைக் காட்டுவார், ரிங் விற்ற கடைக்காரர் மெக்கானிக்கைக் காட்டுவார். மூன்று பேரும் இரண்டு மாநிலத்தில் இருந்துவிட்டால் சுற்று இன்னும் பெரிது. வாடகைக்கு ஓடும் வண்டியாக இருந்தால் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது. இந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர், "ஒண்ணும் வேண்டாம், மறுபடி இறக்கிப் பார்த்துரலாம்" என்பார். கார் உரிமையாளர் அஞ்ச வேண்டிய வாக்கியம் அது. எஞ்சினைத் திறப்பதற்கு முன் செய்யக்கூடிய சோதனைகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது.

முதலில் புகையின் நிறம். இது எல்லோருக்கும் தெரிந்த பாடம் என்றாலும் தவறு இங்கேதான் அதிகம் நடக்கிறது. நீலம் கலந்த புகை, கருகிய எண்ணெய் வாடையுடன் வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: சோக் முழுதும் திறக்கவில்லை, கார்புரேட்டரில் ஃப்ளோட் மட்டம் சரியில்லை, அல்லது ஏர் கிளீனர் அடைத்திருக்கிறது. டீசல் வண்டியானால் இஞ்செக்டரையோ காற்று வரும் வழியையோ பார்க்க வேண்டும். இதற்கும் ரிங்குக்கும் சம்பந்தமில்லை. வெள்ளைப் புகை நீராவி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் வந்து மறைந்தால் அது சைலன்ஸரில் தங்கிய ஈரம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். சர்வோ பிரேக் உள்ள வண்டியில் இன்னொரு வழியும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் ஒழுகினால் பிரேக் ஆயில் வாக்குவம் குழாய் வழியே எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு, அடர்ந்த வெள்ளைப் புகையாக வெளியேறும். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, சக்கரத்தின் அருகே ஒழுகல் எதுவும் இல்லை என்றால் அங்கே பாருங்கள். எஞ்சினை இறக்கியிருந்தால் இந்தக் குற்றவாளி கடைசிவரை அகப்பட்டிருக்க மாட்டான்.

நீலப் புகைதான் என்று தீர்மானமான பிறகு, அது எப்போது வருகிறது என்ற கேள்வி. நிறத்தைவிட இது முக்கியம். பாறசாலையிலிருந்து வெள்ளறடை, பனச்சமூடு பக்கம் போகும் மேடு பள்ளமான சாலைகள் இந்தச் சோதனைக்கு வசதியானவை. நல்ல இறக்கத்தில் கியரைப் போட்டபடியே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்க வேண்டும். அடிவாரத்தில் மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் வருபவர் ஒரு நீல மேகத்தைப் பார்த்தால், வால்வ் கைடு அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது இன்லெட் மேனிஃபோல்டில் வாக்குவம் உச்சத்தில் இருக்கும். அது தேய்ந்த கைடு வழியாக ராக்கர் பக்கத்து எண்ணெயைக் கீழே உறிஞ்சும். மிதித்ததும் அத்தனையும் எரியும். இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் ஒரு முறை மட்டும் பொக்கென்று நீலம் விட்டுத் தெளிவதும், ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது புகைவதும் இதே வகைதான்.

மாறாக, மேட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும்போது விடாமல் புகைந்தால், வேகம் கூடக் கூடப் புகையும் கூடினால், சந்தேகம் ரிங்கின் மேலும் போரின் மேலும் விழுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புகை தம் தம்மென்று அடிப்பது அதற்குத் துணைச் சாட்சி.

பணி முடிந்த எஞ்சின்களில் அடிக்கடி நடக்கும் ஒரு கூத்தை இங்கே சொல்ல வேண்டும். செலவைக் குறைக்கக் கீழ்ப்பாதியை மட்டும் செய்வார்கள். போரிங், புது பிஸ்டன், புது ரிங், பேரிங் எல்லாம் ஆகும். ஹெட்டை மட்டும், "அது நல்லாத்தான் இருக்கு, வால்வ் உரசிப் போட்டா போதும்" என்று விட்டுவிடுவார்கள். புது ரிங் நன்றாக அடைத்துக்கொள்கிறது. எஞ்சினின் உறிஞ்சும் பலம் கூடுகிறது. அந்தப் பலம் பழைய கைடு வழியாக முன்பைவிட அதிக எண்ணெயை இழுக்கிறது. பணிக்கு முன் இருந்ததைவிடப் பணிக்குப் பின் புகை கூடிவிடும். பார்ப்பவர்கள் போரிங்கைத் திட்டுவார்கள். உண்மையில் போரிங் நன்றாக இருப்பதால்தான் புகை கூடியிருக்கிறது!

இன்னொரு பக்கம், அவசரப்பட்டுக் குறை சொல்லவும் கூடாது. முட்டும்போது பிஸ்டனிலும் போரிலும் தடவிய எண்ணெய் முதல் ஸ்டார்ட்டில் எரியத்தான் செய்யும். பழைய எஞ்சின் மாதக்கணக்கில் எண்ணெய் எரித்திருந்தால் சைலன்ஸருக்குள்ளும் பைப்புக்குள்ளும் அது படிந்து கிடக்கும். நன்றாகச் சூடாகி நெடுந்தூரம் ஓடும்வரை அந்தப் பழைய பாவம் புகையாக வந்துகொண்டிருக்கும். தவிர, புது ரிங் போரோடு பழக முதல் சில நூறு கிலோமீட்டர் வேண்டும்.

இந்தப் பழக்கும் காலத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டிவிட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டுவது. இது எஞ்சினுக்கு மரியாதைபோலத் தோன்றும். ஆனால் ரிங்கைப் போரின் மேல் அழுத்துவது பெருமளவுக்கு எரியும் வாயுவின் அழுத்தம்தான். அழுத்தமே இல்லாமல் மெதுவாகவும் ஐடிலிலும் ஓடினால் ஹோனிங் கோடுகளின் மேல் எண்ணெய் வெந்து கண்ணாடிபோல ஒரு பூச்சு படிந்துவிடும். பிறகு ரிங் பழகவே பழகாது. எஞ்சினை அலறவிடவும் கூடாது, தூங்கவிடவும் கூடாது. அளவான சுமையோடு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகக் கூடாது. இந்தக் காலத்தில் விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் வேண்டாம். பழைய பெட்ரோல் எஞ்சினுக்குச் சாதாரண 20டபிள்யூ-40 போதும். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் அதில் உலோகத் தூள் இருக்கும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஆன பிறகும் புகை குறையவில்லை என்றால்தான் விசாரணையைத் தீவிரமாக்க வேண்டும்.

விசாரணையின் முதல் படி டிப்ஸ்டிக். சமதரையில், வண்டி நின்று கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சில எஞ்சின்களில் எண்ணெய் மேல் கோட்டுக்கு மேலே நிற்கும். புது எஞ்சின் என்ற அன்பில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றியிருப்பார்கள். கிராங்க் அதைக் கடைந்து மேலே வீசும், ரிங்கால் அத்தனையையும் வழிக்க முடியாது. அடுத்தது பிரீதர் குழாய். அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி எண்ணெய் எல்லா இடுக்கிலும் வெளியேறப் பார்க்கும். பிரீதர் போய்ச் சேரும் ஏர் கிளீனரைத் திறந்தால் உள்ளே எண்ணெய் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது.

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எந்தப் பிளக் எந்தச் சிலிண்டர் என்று குறித்து, வரிசையாகப் பேப்பரின் மேல் வைக்க வேண்டும். நான்கும் ஒன்றுபோல எண்ணெயில் நனைந்திருந்தால் காரணம் பொதுவானது: பழக்கம் போதவில்லை, அல்லது ஹோனிங், பிரீதர், ஆயில் அளவு. மூன்று பழுப்பாக உலர்ந்து, ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் குற்றம் அந்தச் சிலிண்டரில். உடைந்த ரிங், கீறிய போர், கழன்றுவிட்ட வால்வ் சீல் இவற்றில் ஒன்று. இதற்கு ஆகும் நேரம் கால் மணி. ஆனால் பிரச்சினையின் பாதி இதிலேயே தெளிந்துவிடும்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்குகளும் கழன்றிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுதும் மிதித்திருக்க வேண்டும், பேட்டரியில் நல்ல சார்ஜ் வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் கேஜ் காட்டும் எண் பொய். எண் எவ்வளவு என்பதைவிடச் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் பேசும். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால் அதன் பிளக் துவாரத்தில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட்.

இதுவரை எல்லா மெக்கானிக்கும் சொல்வார். பலர் சொல்லாமல் விடுவது இது: கம்ப்ரஷன் பிரமாதமாக இருந்தாலும் எஞ்சின் ஆயில் குடிக்கலாம். கம்ப்ரஷனைக் காப்பது மேலே உள்ள இரண்டு ரிங். எண்ணெயை வழிப்பது மூன்றாவதான ஆயில் ரிங். மேலே இரண்டும் சரியாக இருந்து ஆயில் ரிங் மட்டும் வேலை செய்யாவிட்டால் கேஜ் அதைக் காட்டவே காட்டாது. "கம்ப்ரஷன் நல்லாருக்கு அண்ணே, ரிங்கு கச்சிதம்" என்று மெக்கானிக் சொல்வது அரை உண்மைதான்.

இன்னும் துல்லியமாக அறிய வேண்டுமானால் காற்றுச் சோதனை. பஞ்சர் கடை கம்ப்ரஷரே போதும். பழைய பிளக்கின் உடலில் குழாய் பொருத்தி, பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் காற்றை உள்ளே விட வேண்டும். கியரில் போட்டு வண்டியை நகராமல் நிறுத்துவது அவசியம். காற்று எங்கே சீறுகிறது என்று காது வைத்துக் கேட்கலாம். ஆயில் மூடியில் சீறினால் ரிங். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வ். சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

இத்தனையும் பார்த்து, குறை வால்வ் சீலில்தான் என்று தெரிந்தால் பல எஞ்சின்களில் ஹெட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். பிளக் துவாரம் வழியாக நைலான் கயிற்றை நுழைத்து, பிஸ்டனை மேலே தூக்கினால் கயிறு திரண்டு வால்வைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீலை மாற்றிவிடலாம். சில நூறு ரூபாய் சாமான், அரை நாள் கூலி. ஆனால் வால்வைப் பிடித்து ஆட்டினால் கைடுக்குள் அது தாளம் போடுமானால் புதுச் சீல் நெடுநாள் தாங்காது. ஹெட் லேத்துக்குப் போயே ஆக வேண்டும்.

கடைசியில் எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், திறக்கும்போது கார் உரிமையாளர் அருகில் இருப்பது நல்லது. பார்க்க வேண்டியவை சில உண்டு. ரிங்கில் 'டாப்' என்று குறித்த பக்கம் மேலே இருக்கிறதா? இரண்டாவது ரிங் பெரும்பாலும் சரிவான முகம் கொண்டது. தலைகீழாகப் போட்டால் எண்ணெயைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றும். மூன்று துண்டு ஆயில் ரிங்கில் நடுவே உள்ள எக்ஸ்பாண்டரின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் ரிங்குக்கு விறைப்பே இருக்காது. முதல் நாளிலிருந்தே புகையும். பிறகு ரிங் இடைவெளி. ரிங்கைப் போருக்குள் நுழைத்துப் பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். போரின் ஓர் அங்குல விட்டத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு என்பது பழைய கணக்கு. அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குப் போர் 73 மி.மீ. என்பதால் இடைவெளி ஏறத்தாழ 0.22 முதல் 0.29 மி.மீ. வரை வரும். பத்மினியின் போர் 68, மாருதி 800இன் போர் 68.5 மி.மீ.; அவற்றுக்குக் கொஞ்சம் குறைவு. மில்லிமீட்டர் கணக்கில் இடைவெளி ஒன்றைத் தாண்டுகிறது என்றால் ஓவர்சைஸ் போருக்கு ஸ்டாண்டர்ட் ரிங்கைப் போட்டிருக்கலாம். 2014இல் அம்பாசிடரும் மாருதி 800உம் தயாரிப்பு நின்ற பிறகு கிடைத்த செட்டை வாங்கிப் போடும் ஆசை வருவது இயற்கை. பெட்டியில் எழுதியதை நம்பாமல் மைக்ரோமீட்டரை நம்ப வேண்டும்.

லேத் கடையின் பங்கு ஹோனிங்கில் தெரியும். போருக்குள் டார்ச் அடித்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் வலைபோலத் தெரிய வேண்டும். அந்தப் பள்ளங்களில்தான் எண்ணெய் தங்குகிறது. ஹோனிங் முடிந்தபின் போரைக் கழுவியது எப்படி என்றும் கேளுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கிரீஸைக் கரைக்கும், கல் தூளைக் கோடுகளிலிருந்து எடுக்காது. வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும்தான் எடுக்கும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும், பிறகு உடனே எண்ணெய் தடவ வேண்டும். இந்தக் கால் மணி நேர வேலையைச் சோம்பலால் விட்டால் தங்கிய தூளே புது ரிங்கை உப்புத்தாள்போலத் தேய்த்துத் தின்றுவிடும்.

எல்லை ஊர்களில் பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையை மறைக்கக் கெட்டியான எண்ணெயையோ டப்பா மருந்தையோ ஊற்றிச் சில நாள் சமாளிக்கும் வித்தை பழையது. விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தால் வாங்குபவர் மறுநாள் காலையில், சொல்லாமல் போவது உத்தமம். புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று திருப்திப்படவும் முடியாது. பழைய பெட்ரோல் காரில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம்முக்குள்ளும் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். இறக்கத்தில் இறங்கி மிதிக்கும்போது வரும் மேகத்தை அந்தக் கருவி பார்ப்பதில்லை. ஆனால் ரோட்டில் நிற்கும் அதிகாரி பார்ப்பார். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். போரிங் முற்றியது என்று பிளாக்கையே மாற்றியிருந்தால் இன்னொரு வில்லங்கம்: எஞ்சின் எண் மாறியிருக்கும், பதிவுச் சான்றிதழில் அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குறை பணியில்தான் என்று நிரூபணமாகி, செய்தவர் கையை விரித்தால்? மார்த்தாண்டத்துக் கடை மேல் புகார் சொல்லப் பாறசாலைக்காரர் நாகர்கோவிலுக்கு நடக்க வேண்டியிருந்த நிலை 2020 ஜூலையில் மாறிவிட்டது. அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். களியக்காவிளைக்காரர் நெய்யாற்றின்கரையில் செய்த வேலைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: மூன்று இடத்து ரசீதுகள், போரிங் அளவு எழுதிய லேத் சீட்டு, ஒவ்வொரு முறை எவ்வளவு ஆயில் ஊற்றினோம், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்ற குறிப்பு. கழற்றிய பழைய ரிங்கும் பிஸ்டனும் ஒரு சாக்குப் பையில்.